வெயில் காளான்

கீழே விழுந்து கிடந்த தம்பி பெண்டாட்டியை விட்டுவிட்டு, சிதறிக் கிடந்த காளானைத்தான் முதலில் பொறுக்கினாள் நாத்தனார். மணிக்கட்டு முறிந்ததைக்கூட தம்பி பெண்டாட்டி மன்னித்திருப்பாள். எலும்புதானே, கூடிவிட்டது. ஆனால் ஈரத் தரையில் மல்லாந்து கிடந்த தன் தலைமாட்டில் குனிந்து நின்று, ஒவ்வொரு காளானாக எடுத்து, நெற்றி விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, "ஐயோ, இது கன்னிப்போச்சே, இதுவும் கன்னிப்போச்சே" என்று நாத்தனார் அங்கலாய்த்தாளே, அதை மன்னிப்பதாக இல்லை. செத்தாலும் இல்லை.

அதற்கு முன்னால் சொன்னதும் இருக்கிறது. காளான் கொட்டகையில், கீழ்க்கோடி அடுக்கில் பறிப்பதற்காகக் குந்தி உட்கார்ந்தவளுக்கு எழுந்திருக்க வரவில்லை. தொடை இரண்டும் சொன்ன பேச்சு கேட்கவில்லை. பறிக்கிற பெண்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, நாத்தனார் வந்து நின்று இரண்டே சொல் சொன்னாள்.

"எழுந்திரு. நடிக்காத."

அந்த அவமானத்தில்தான் மேல் தட்டைப் பிடித்து ஒரே இழுப்பாக எழப் பார்த்தாள். தட்டும் வந்தது, அவளும் விழுந்தாள், கையும் போயிற்று.

அவளை அந்தப் பண்ணையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நடிகை என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டத்தைச் சூட்டியது நாத்தனார்தான். இவள் முதலில் முதுகு வலி என்று சொன்னாள், பிறகு கெண்டைக்கால் முன் எலும்பு குடைகிறது என்றாள், பிறகு படி ஏற முடியவில்லை என்றாள். "இவ இங்க வந்து காளான் பறிக்கிறாளே, சினிமாவுக்குப் போயிருந்தா எங்கேயோ போயிருப்பா" என்று நாத்தனார் ஒருநாள் எல்லார் முன்பும் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து நடிகை. ஒருமுறை கட்டின புருஷனே ஏதோ ஞாபகத்தில் "நடிகை, சாப்பாடு ஆச்சா?" என்று கேட்டுவிட்டான். அன்றைக்கு அவனுக்குச் சாப்பாடு ஆகவில்லை.

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. அம்மா இல்லாத பிள்ளையை வளர்த்து ஆளாக்கியவள் அக்கா. அவள் பண்ணையில்தான் வேன் ஓட்டுகிறான். அக்கா கிழிக்கிற கோட்டைத் தாண்ட அவனுக்குக் கால் வராது. "அக்கா ஏதோ கோவத்துல சொல்லுது, நீ ஏன் மனசுல வெச்சுக்கிற?" என்பான். மனசில் வைக்காமல் வேறே எங்கே வைப்பது? பரணிலா?

பண்ணையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். வரிசையாக ஜன்னலே இல்லாத நீளக் கொட்டகைகள். உள்ளே மேலிருந்து கீழ்வரை அடுக்குத் தட்டுகள், தட்டு நிறைய எரு, எருவின் மேல் மண், மண்ணுக்கு மேல் வெள்ளை வெளேரென்று மொட்டுக் காளான். எப்போதும் குளிர், எப்போதும் ஈரம், எப்போதும் இருட்டு. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, காளானின் தலையை இரண்டு விரலால் பிடித்து, வலிக்காமல் திருகி எடுக்க வேண்டும். கொஞ்சம் அழுத்திவிட்டால் போயிற்று, விரல் பட்ட இடம் கன்னிப் பழுப்பாகிவிடும். கதவைத் திறந்து வைக்கக் கூடாது, ஈ வந்துவிடும். ஈ வந்தால் முட்டையிடும், ஒரு கொட்டகையே புழுத்துப்போகும். அதனால் உள்ளே போனவர்கள் போனவர்கள்தான். விடிவதற்குள் நுழைய வேண்டும், உள்கதவுக்கும் வெளிக்கதவுக்கும் நடுவில் உள்ள நடைவழியிலேயே சாப்பிட வேண்டும், பொழுது சாய்ந்துதான் வெளியே வர வேண்டும். சூரியன் என்று ஒன்று இருப்பதே அந்தப் பெண்களுக்கு விடுமுறை நாளில்தான் தெரியும். அன்றைக்கும் துவைக்கவும் தூங்கவும் நேரம் சரியாய்ப் போய்விடும்.

நாத்தனாரும் ஒரு காலத்தில் அந்த இருட்டில் கிடந்தவள்தான். புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு ஒற்றைக் கொட்டகையில் தொடங்கி, ஒண்டிக்கட்டையாக நின்று இத்தனையையும் உண்டாக்கினாள். அதை இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிப் போகும். கையில் நாலு காசு சேர்ந்ததும் அவள் தனக்கென்று கட்டிக்கொண்டது ஒரே ஒரு சுகம்: முற்றத்தின் ஓரத்தில் ஒரு கண்ணாடி அறை. மூன்று பக்கமும் கண்ணாடி, கூரையும் கண்ணாடி. அதற்குள் மேசை போட்டுக்கொண்டு, எந்தக் கொட்டகைக் கதவு எப்போது திறக்கிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். "இருட்டுல கிடந்தது போதும்டி. இனிமே சாகற வரைக்கும் வெயில்லதான் உக்காருவேன்" என்பாள். ஆனால் முற்றத்தைக் கடக்கிற அந்தப் பத்தடிக்குக் குடை வேண்டும். தோல் கறுத்துவிடுமாம்.

சரி, கை முறிந்த கதைக்கு வருவோம். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட டாக்டரம்மா அதோடு விடவில்லை. நடிகை நாற்காலியிலிருந்து தொடையில் கையை ஊன்றி ஊன்றி எழுந்ததைப் பார்த்துவிட்டு, மறுபடி உட்கார வைத்தாள். கெண்டைக்கால் முன் எலும்பைக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினாள். நடிகை போட்ட கூச்சலில் வெளியே உட்கார்ந்திருந்த புருஷன் எழுந்து நின்றுவிட்டான்.

"எவ்வளவு நாளா இந்த வலி?"

"ரொம்ப நாளா டாக்டர்."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"சொன்னேன். நடிப்புன்னாங்க."

ரத்தம் எடுத்தார்கள். இரண்டாவது முறை போனபோது டாக்டரம்மா சொன்னாள். "இது நடிப்பில்லம்மா. உங்க உடம்புல வைட்டமின் டி கிட்டத்தட்ட இல்லவே இல்ல. அது இல்லன்னா நீங்க என்ன சாப்பிட்டாலும் சுண்ணாம்புச் சத்து எலும்புல போய்ச் சேராது. எலும்பு வலுவில்லாம போயிடும், தசையும் சோர்ந்துடும். அதான் குந்தினா எழுந்திருக்க முடியல, விழுந்தவுடனே முறிஞ்சிடுச்சு."

நடிகை அழுதுவிட்டாள். வலிக்கு அழவில்லை. "இது நடிப்பில்ல" என்று ஒரு மனுஷி வாயைத் திறந்து சொன்னதற்கு அழுதாள். "இதையே எங்க வீட்டுக்கு வந்து எல்லார் முன்னாடியும் ஒருவாட்டி சொல்லுவீங்களா டாக்டர்?" என்று கேட்டாள். இவள் வேடிக்கைக்குக் கேட்கிறாள் என்று நினைத்து டாக்டரம்மா சிரித்தாள். அவள் வேடிக்கைக்குக் கேட்கவில்லை. டாக்டர் சொன்னால் போதாது, நாத்தனார் வாயால் வர வேண்டும், கேலி செய்த அத்தனை பேர் காதிலும் விழ வேண்டும். அன்றைக்கு மனசில் விழுந்த முடிச்சு அது.

டாக்டரம்மா மாத்திரை எழுதினாள். "வாரத்துக்கு ஒண்ணுதான். பலம் வரும்னு தினமும் போட்டுடாதீங்க, அளவு மீறினா கிட்னியில கொண்டுபோய் விடும். கொஞ்ச நாள் கழிச்சு மறுபடி ரத்தம் பார்த்துட்டுக் குறைச்சுக்கலாம். முட்டை மஞ்சக்கரு, மீன் சாப்பிடுங்க, ஆனா அது மட்டும் போதாது. தினமும் கொஞ்ச நேரமாவது நல்ல வெயில் கையிலயும் கால்லயும் படணும். இதெல்லாம் ஒருவாட்டி சரி பண்ணிட்டு விட்டுடற விஷயமில்ல, தொடர்ந்து பார்த்துக்கணும்."

"எங்க பண்ணையில ஒரு கண்ணாடி ரூம் இருக்கு. நல்லா வெயில் அடிக்கும். அதுல போய் உக்காந்தா போதுமா டாக்டர்?" ஒன்றும் மனசில் வைத்துக்கொண்டு கேட்கவில்லை. காலில் விழுந்தாவது அந்த அறையில் ஒரு மூலை வாங்கிவிடலாம் என்றுதான் கேட்டாள்.

"பிரயோஜனமே இல்ல. கண்ணாடி வழியா சூடு வரும், வெளிச்சம் வரும். இந்தச் சத்தை உண்டாக்கற கதிர் மட்டும் வராது. நாள் பூரா உக்காந்தாலும் இருட்டுல உக்காந்த மாதிரிதான்."

கன்னத்தில் காயாத கண்ணீரோடேயே, நடிகைக்குச் சிரிப்பு வந்தது. டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

வீட்டுக்குப் போகிற வழியில் புருஷன் கேட்டான். "டாக்டர் என்ன சொன்னாங்க?"

"மாத்திரை குடுத்திருக்காங்க. வெயில்ல நிக்கச் சொன்னாங்க" என்றாள். கண்ணாடியைப் பற்றி மூச்சு விடவில்லை.

நல்லவளாக இருந்தால் அன்றைக்கே ஓடிப்போய், "அண்ணி, நீங்களும் ஒருவாட்டி ரத்தம் பார்த்துக்குங்க" என்று சொல்லியிருப்பாள். நல்லவளாக இருந்து இருந்து அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. நல்லவளாக இருந்ததற்குக் கிடைத்த பட்டம்தான் தெரியுமே.

கட்டுப் பிரித்து வேலைக்குத் திரும்பியதும் அவள் ஒரு காரியம் செய்தாள். மதியச் சாப்பாட்டை நடைவழியில் வைத்துச் சாப்பிடாமல், முற்றத்தில் ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, சட்டைக் கையைத் தோள் வரைக்கும் சுருட்டிவிட்டுக்கொண்டு உச்சி வெயிலில் உட்கார்ந்தாள். டாக்டர் சொன்னது என்று சொல்லிவிட்டாள், அதனால் நாத்தனாரால் தடுக்க முடியவில்லை. ஆனால் கண்ணாடிக் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டிக் கத்தினாள்.

"எல்லாரும் பாருங்கடி! நடிகைக்கு இன்னைக்கு அவுட்டோர் ஷூட்டிங்!"

கொட்டகைக் கதவு இடுக்கு வழியாகச் சிரிப்புச் சத்தம் வந்தது. நடிகை கையைத் திருப்பி மறுபக்கமும் வெயிலில் காட்டினாள். உள்ளுக்குள், சிரிங்க, சிரிங்க, நல்லா சிரிங்க என்று கறுவிக்கொண்டாள்.

பறிக்கிற பெண்களில் ஒருத்திக்கு வானொலி என்று பெயர். காலையில் திறந்த வாயைச் சாயங்காலம்தான் மூடுவாள். அவளுக்கும் முழங்கால் குடைச்சல் இருந்தது. "ஏன்டி, இந்த வெயில் வைத்தியம் உனக்கு நெஜமாவே கேக்குதா?" என்று ஒருநாள் ரகசியமாகக் கேட்டாள். நடிகை அவள் முன்னால் குந்தி உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழுந்து காட்டினாள். மறுநாள் வானொலியும் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டாள். அப்புறம் ஆஸ்பத்திரிக்கும் போய்வந்தாள். மற்றவர்கள் மட்டும் நாத்தனாருக்குப் பயந்து நடைவழியிலேயே கிடந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் நடிகை நாத்தனாரை உற்றுப் பார்க்க ஆரம்பித்தாள். முதலில் சும்மா பார்த்தாள். பிறகு, அடடா, பார்க்கப் பார்க்க என்ன சுகம்! மேசையிலிருந்து எழும்போது நாத்தனாரின் கை தொடைக்குப் போகிறது. படி இறங்கும்போது பக்கவாட்டில் இறங்குகிறாள். முன்பெல்லாம் கொட்டகைக்குள் வந்து கத்துகிறவள், இப்போது நாற்காலியில் உட்கார்ந்தபடியே கத்துகிறாள். கிட்டப் போனால் வலித் தைல வாசனை. நாற்காலியின் மேல் ஒரு மெத்தை வந்தது, அந்த மெத்தை மேல் இன்னொரு மெத்தை வந்தது. ஒவ்வொன்றும் நடிகை பட்டது, ஒவ்வொரு வலியும் அவள் வீட்டு விலாசத்துக்கு வந்து போனது. அவளுக்குத் தெரியாத வேஷமா?

நாத்தனாரால் அதை வெளியே சொல்ல முடியாது. எப்படிச் சொல்வாள்? கால் வலி என்று வாயைத் திறந்தால் வானொலி போதும், சாயங்காலத்துக்குள் பண்ணையில் இரண்டு நடிகை ஆகிவிடும். தான் தோண்டிய குழியில் தானே நின்றுகொண்டு, சமதரையில் நிற்கிற மாதிரி காட்டிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் மட்டும் நடிகை ஆடிப்போனாள். யாரும் இல்லை என்று நினைத்து நாத்தனார் கண்ணாடி அறையின் படியில் உட்கார்ந்து, பாவாடையை முழங்கால் வரைக்கும் தூக்கி, கெண்டைக்காலை நீவிக்கொண்டிருந்தாள். முகம் கோணியிருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் தானாக வழிந்தது. எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கதவு நிலையைப் பிடித்து மறுபடி முயன்றாள். என்ன இருந்தாலும் மனுஷிதானே. "அண்ணி" என்று நடிகைக்கு வாய் திறந்தேவிட்டது.

நாத்தனார் திடுக்கிட்டுத் திரும்பினாள். பாவாடையைச் சட்டென்று இறக்கினாள். "என்னடி திருட்டுத்தனமா பார்த்துட்டு நிக்கற? நடிகைக்கு வேலை வெட்டி கிடையாதா?"

திறந்த வாய் மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு திறக்கவே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் வெயில் காளான் வந்து சேர்ந்தது. பெரிய கடைகளுக்குக் காய்கறி வாங்கிக் கொடுக்கிற ஒரு அம்மாள், காளானைக் கொஞ்ச நேரம் வெயிலில் வைத்தால் அதில் வைட்டமின் டி ஊறிவிடும், அப்படிப்பட்டதை ஜனங்கள் தேடி வாங்குகிறார்கள், கிடைக்குமா என்று கேட்டாள். நாத்தனாருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வருஷம் முழுவதும் எடுத்துக்கொள்வார்கள் என்றால் சும்மாவா! அன்றைக்கே தட்டுகள் வாங்கினாள், பெட்டி மேல் ஒட்டுவதற்குச் சிரிக்கிற சூரியன் படம் போட்டு ஒட்டுச்சீட்டு அடித்தாள்.

"முற்றத்துல காய வெச்சிடலாமா அக்கா?" என்று தம்பி கேட்டான்.

"முற்றத்துலயா? உனக்கென்ன மூளை கலங்கிப்போச்சா? ஈ உக்காருமே! தூசி விழுமே! காத்துல தோல் சுருங்கிப் போகுமே! ஈயை உள்ள விடக் கூடாதுன்னு ஆயுசு பூரா கதவை மூடி மூடிச் செத்தவடா நான். என் ரூம்ல வை. கண்ணாடிக்குள்ள ஒரு பூச்சி நுழையாது. என் ரூம்ல இல்லாத வெயிலா வெளியில கிடக்கு?"

காளான்காரி மூளை அது. காளான்காரிக்கு மட்டும்தான் அந்தப் புத்தி போகும். நடிகை தலையைக் குனிந்துகொண்டாள். நிமிர்ந்திருந்தால் முகத்தில் எல்லாம் தெரிந்திருக்கும்.

தட்டு அடுக்குகிற வேலை அவளுக்கே கிடைத்தது. காளானை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து, குடையின் அடிப்பக்கம் மேலே பார்க்கும்படி, ஒன்றை ஒன்று தொடாமல் வரிசை பிடித்து வைத்தாள். அத்தனை சிரத்தையாக அவள் கல்யாணத்துக்குக்கூடத் தலை வாரியதில்லை. "இப்பத்தான்டி உனக்கு வேலைன்னா என்னன்னு தெரிஞ்சிருக்கு" என்று நாத்தனாரே மெச்சினாள். "எல்லாம் நீங்க கத்துக் குடுத்ததுதான் அண்ணி" என்றாள் இவள்.

இன்னொன்றும் செய்தாள். இதைக் கேட்டால் அவள் மேல் உங்களுக்கு இருக்கிற கொஞ்சநஞ்ச இரக்கமும் போய்விடும், போகட்டும். கடைக்கார அம்மாள் ஒப்பந்தம் பேச வருகிற நாளன்று காலையில், மெத்தை போட்ட அந்த உயர நாற்காலியை, கால் ஆடுகிறது என்று சொல்லிப் பழுது பார்க்க வெளியே எடுத்துப்போனாள். அது ஆடவில்லை. அதன் இடத்தில், வருகிறவர்கள் உட்காருவதற்கென்று கிடந்த தாழ்ந்த, உள்ளே இறங்கிப்போகிற நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். நாத்தனார் அதைப் பார்த்தாள், தயங்கினாள். வேண்டாம் என்றால் ஏன் என்று சொல்ல வேண்டுமே. கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, கடைசியில் தொப்பென்று விழுந்து உட்கார்ந்தாள்.

ஒப்பந்தம் ஆவதை எல்லாரும் பார்க்க வேண்டும் என்று நாத்தனாருக்கு ஆசை. பறிக்கிற பெண்கள் அத்தனை பேரையும் கூப்பிட்டுக் கண்ணாடி அறையில் நிற்க வைத்திருந்தாள். தம்பி வேன் சாவியைச் சுழற்றிக்கொண்டு வாசலில் நின்றான். கூரையிலிருந்து வெயில் கொட்டியது. எல்லாருக்கும் வேர்த்தது.

கடைக்கார அம்மாள் வந்தாள். உட்காரவில்லை.

"தப்பா நினைச்சுக்காதீங்க. நீங்க குடுத்த மாதிரிக் காளானை எல்லாம் சோதனைக்குக் குடுத்தோம். சாதாரணக் காளான்ல என்ன இருக்கோ அதேதான் இதுலயும் இருக்கு. வெயில் பட்டதுக்கான அடையாளமே இல்ல. எங்க வெக்கறீங்க?"

"இங்கதாங்க! இதோ பாருங்க, எப்படி அடிக்குதுன்னு. நிக்க முடியுதா உங்களால?"

அந்த அம்மாள் நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள். பக்கத்துச் சுவரை விரல் முட்டியால் தட்டினாள். டங், டங் என்றது.

"இது கண்ணாடிங்க."

"ஆமாங்க, கண்ணாடிதான். ஒரு ஈ வராது, ஒரு தூசி வராது."

"அதுவும் வராதுங்க" என்றாள் கடைக்கார அம்மாள். அவளுக்கே சங்கடமாக இருந்தது. "சூடுதான் வரும். வைட்டமின் டி உண்டாக்கற கதிரைக் கண்ணாடி உள்ள விடாது. நீங்க வெளியில திறந்தவெளியில வெச்சிருந்தா கொஞ்ச நேரமே போதும். இதைச் சூரியன் படம் போட்டு வித்தா ஜனங்களை ஏமாத்தின மாதிரி ஆகிடும். நாங்க எடுத்துக்க முடியாது."

நாத்தனார் முகத்தில் ஈயாடவில்லை. தட்டுகளைப் பார்த்தாள். பிறகு தன் மேசையைப் பார்த்தாள். பிறகு மேசை மேல் வெயிலில் கிடந்த தன்னுடைய இரண்டு கையையும் பார்த்தாள். வருஷக்கணக்கில் அங்கேயே கிடந்த கை. அவள் எதைக் கணக்குப் போடுகிறாள் என்று அந்த அறையில் ஒருத்திக்கு மட்டும் தெரிந்தது.

வானொலி வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். மற்ற பெண்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். நடிகை மட்டும் ஆச்சரியப்படவில்லை. நாத்தனாரின் கண் சுற்றி வந்து அவள் மேல் நின்றது.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும் அண்ணி."

"எப்பலேர்ந்து?"

"என் கை முறிஞ்சதிலேர்ந்து. டாக்டர் சொன்னாங்க."

"அடிப்பாவி! தெரிஞ்சே… தெரிஞ்சே என்னை இத்தனை நாளா…" நாத்தனார் எழுந்து அறைவதற்காகக் கையை ஓங்கினாள். ஓங்கின கையை இறக்கி மேசையில் ஊன்றினாள். பாதி எழுந்தாள். தொடை நடுங்கியது. நாற்காலி அவளை உள்ளே இழுத்துக்கொண்டது. மறுபடி எழுந்தாள், மறுபடி விழுந்தாள். மேசை விளிம்பைப் பிடித்த பிடியில் ஒரு தட்டு சாய்ந்து, காளானெல்லாம் தரையில் உருண்டது.

தம்பி "அக்கா" என்று ஓடிவரப் பார்த்தான். நடிகை அவனைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அப்படியே நின்றுவிட்டான்.

நடிகை மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். நாத்தனாரின் காலடியில் குந்தி உட்கார்ந்தாள். உருண்ட காளானில் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "கன்னிப்போச்சு" என்றாள். இன்னொன்றை எடுத்தாள். "இதுவும் கன்னிப்போச்சு." பிறகு கை ஊன்றாமல் எழுந்து, நாத்தனாரின் தலைக்கு மேல் நின்றாள். வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து மரியாதை குறையாமல் பேசிய வாய் அது.

"எழுந்திரு. நடிக்காத."

நாத்தனாருக்கு உதடு துடித்தது. அவளும் அந்த நாளை மறக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

"நடிக்கலடி" என்றாள். "நெஜமாவே முடியல. ரொம்ப நாளா முடியல."

"அன்னைக்கு நான்?"

நாத்தனார் தரையில் உருண்டு கிடந்த காளானைப் பார்த்தாள்.

"அன்னைக்கு நான் நடிச்சேனா?"

"இல்ல."

"எனக்குக் கேக்குது. அவங்களுக்குக் கேக்கணும்."

நாத்தனார் நிமிர்ந்து பறிக்கிற பெண்களைப் பார்த்தாள். எல்லாரும் தான் கொடுத்த பட்டத்தைச் சொல்லிச் சிரித்தவர்கள். "அவ நடிக்கலடி!" என்று கத்தினாள். "வலிச்சுதான் சொன்னா. நான்தான் நம்பல. போதுமா? போதுமாடி?"

போதும். பாவமாக இருந்ததா என்று கேட்டால், இருந்தது. அதைவிட இனிப்பாக இருந்தது. அடிவயிறு வரைக்கும் இனித்தது. நடிகை அதை அவசரப்படாமல் அனுபவித்தாள். கடைக்கார அம்மாள், இது ஏதோ குடும்ப விவகாரம் என்று மெல்லக் கதவைத் திறந்து வெளியே போனாள்.

பிறகு நடிகை குனிந்து, நாத்தனாரின் இரண்டு கக்கத்திலும் கையைக் கொடுத்து ஒரே தூக்காகத் தூக்கினாள். முறிந்து கூடின கைதான், தாங்கியது. "வாங்க" என்றாள்.

"எங்கடி?"

"வெளியில."

"குடை…"

"குடை கிடையாது."

முற்றத்தின் நடுவில் தன்னுடைய கவிழ்த்த பெட்டியில் அவளைக் கொண்டுபோய் உட்கார வைத்தாள். சட்டைக் கையைத் தோள் வரைக்கும் சுருட்டினாள். உள்கை காளான் நிறத்தில் இருந்தது. அதை மடியில் மல்லாத்தி வைத்தாள், தட்டில் காளான் வைப்பது போலவே. நாத்தனார் கண்ணை இடுக்கிக்கொண்டு கெஞ்சினாள். "எல்லாரும் பார்க்கறாங்கடி. உள்ள போயிடலாம்டி."

"பார்க்கட்டும். நாளைக்குக் காலையில ரத்தம் குடுக்கணும், நான் கூட்டிட்டுப் போறேன். மாத்திரையும் நானே எடுத்துக் குடுப்பேன், வாரத்துக்கு ஒண்ணு. சாப்பாட்டு வேளையில தினமும் இதே இடம். இவங்களும் இனிமே நடைவழியில சாப்பிட மாட்டாங்க, இங்கதான் சாப்பிடுவாங்க. ரெண்டு கதவு இருக்கு, ஒண்ணை மூடிட்டு ஒண்ணைத் திறந்தா எந்த ஈயும் வராது."

பெண்கள் தயங்கித் தயங்கி வெளியே வந்தார்கள். ஒவ்வொருத்தியாகப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு சுற்றிலும் உட்கார்ந்தார்கள். வானொலியால் அதற்கு மேல் வாயை அடக்க முடியவில்லை.

"என்னங்கம்மா, இன்னைக்கு உங்களுக்கா அவுட்டோர் ஷூட்டிங்?"

முற்றமே சிரித்தது. நடிகை தடுக்கவில்லை, அவர்கள் சிரித்து ஓயும் வரைக்கும் விட்டாள். நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். வெயில் அவள் கை மேலும் கழுத்து மேலும் நேராக விழுந்தது, நடுவில் ஒன்றும் இல்லை.

"எவ்வளவு நேரம்டி இப்படியே உக்காரணும்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

நடிகை பக்கத்தில் இன்னொரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, தன் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டாள்.

"நான் சொல்ற வரைக்கும் அண்ணி."